ஆற்றங்கரையில் சைக்கிள் பாதை கேட்கிறோம்!

நண்பர்களே, எண்ணூர் விரைவுச் சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை ஒரு பக்கம், பறக்கிற லாரி இன்னொரு பக்கம். நடுவில் நாம்! திருவொற்றியூர் பையன் சைக்கிளில் கிளம்பினால் அவன் திரும்பி வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காது. பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிள் பல வீட்டு வாசலில் துருப்பிடிப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, பயம்தான்.

சாலையை விட்டால் வேறு வழியே இல்லையா? இருக்கு. கொசஸ்தலை ஆறு!

136 கி.மீ. நீளமுள்ள இந்த ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் அணைக்கட்டு, மணலி புதுநகர் ஓரம் என்று வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. 2021 நவம்பரில் பூண்டியில் தண்ணீர் திறந்தபோது மணலி புதுநகருக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டோம். எப்படியும் கரையை உயர்த்திப் பலப்படுத்தியாக வேண்டும். அப்படிச் செய்யும்போது கரையின் தலைப்பில் இரண்டு மீட்டர் அகலம் விட்டு, நிழலுக்குப் புங்கனும் பூவரசும் வைத்தால் பூண்டியிலிருந்து கடல் வரை சைக்கிளில் வரலாம். தார் கூட வேண்டாம், நன்றாக இறுகிய கிராவல் போதும்.

"அந்த நாத்தத்துல எவன்ப்பா சைக்கிள் ஓட்டுவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் முகத்துவாரத்துக்கு வந்து, மீனவர்களின் படகும் வலையும் பாழாயின.

ஆனால் ஐரோப்பாவின் ரைன் நதியைப் பாருங்கள். அதுவும் தொழிற்சாலை ஆறுதான். 1986 நவம்பரில் பாசல் நகருக்கு அருகே ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, நதி சிவந்து, மீன்கள் செத்து மிதந்தன. மறு வருடமே கரையோர நாடுகள் சேர்ந்து நதியை மீட்கத் திட்டம் போட்டன. பிறகு சால்மன் மீன் திரும்பி வந்தது. இன்று ஆல்ப்ஸ் மலையிலிருந்து ராட்டர்டாம் துறைமுகத்தின் ஓரமாகக் கடல் வரைக்கும், ஆயிரம் கி.மீ.க்கும் மேல், ரைன் கரையோரம் சைக்கிளில் போகலாம். கிரேன், கப்பல், எண்ணெய்த் தொட்டி எல்லாம் அங்கேயும் இருக்கு. தினமும் நூறு பேர் சைக்கிளில் கடந்து போகிற கரையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைக் கொட்ட எவனுக்கும் கொஞ்சம் கை நடுங்கும், இல்லையா?

ஒரு எச்சரிக்கை. 'அழகுபடுத்துகிறோம்' என்று வேலி போட்டு, டிக்கெட் வைத்து, வலை உலர்த்துகிறவரையும் இறால் பிடிக்கிற அக்காமார்களையும் விரட்டும் பாதை நமக்கு வேண்டவே வேண்டாம். எங்கே கரை இடியும், எங்கே படகு ஏறும் என்று அவர்களைக் கேட்டுத்தான் கோடு போட வேண்டும். கழிமுகத்துக்குப் பக்கத்தில் சதுப்பை மேடாக்கிப் பாதை போடுவதும் கூடாது. அந்த இடத்தில் சுற்றிப் போனால் என்ன குறைந்துவிடும்?

நம் பேரவை வெறும் மனு கொடுத்தால் அது ஃபைலில் தூங்கும். சிவில் பிரிவுக்கு வருடா வருடம் சர்வே கேம்ப் உண்டு. இந்த முறை அதைக் காரனோடையிலிருந்து முகத்துவாரம் வரை வைக்கலாமே! கரை எங்கே அறுந்திருக்கு, ரயில் பாதையும் லாரி ரோடும் எங்கே குறுக்கிடுது என்று அளந்து வரைபடம் போட்டு, அதையே நீர்வளத் துறையிடம் கொடுக்கலாம். லெவல் கருவியைச் சிவில்காரங்க தூக்கட்டும், பங்சர் ஒட்ட மெக்கானிக்கல்காரங்க நாங்க வர்றோம். மழை வெள்ளம் வடிந்ததும், பொங்கல் லீவு முடிந்த முதல் ஞாயிறு. யார் யார் வர்றீங்க?