பழைய காரும் பெருமாட்டி மண்ணும்

"பழைய வண்டி என்றால் எண்ணெய் சொட்டத்தானே செய்யும்!" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பழங்கார்களைக் கண்ணும் கருத்துமாகப் பேணும் அன்பர்கள்கூட இப்படிச் சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை.

1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு காரை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் ட்ரயம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. அதன் சேஸிஸைக் குறுக்கி, 1962-ல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். எஞ்சினும் ஒரே குடும்பம். ஆகவே ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றதற்கும் பொருந்தும்.

நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் கீழே சொட்டுவதைப் பார்த்ததும் சம்ப் பேக்கிங்கை மாற்றிவிடுகிறார்கள். காசு போகிறது, ஒழுகல் நிற்பதில்லை. காரணம் எளிது. எண்ணெய் மேலிருந்து வழிந்து கீழே வந்து சொட்டும். எனவே முதலில் எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். முகப்பவுடரைத் தூவிச் சிறிது நேரம் ஓடவிட்டால், ஈரக்கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது டாப்பெட் கவராகவே இருக்கும்.

அடுத்த தவறு, ஒழுகும் இடத்தில் போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவது. கார்க் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும். தகர மூடியின் விளிம்பும் வளைந்துவிடும். விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, எல்லாப் போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக ஒரே சீராக முறுக்க வேண்டும். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் மீறி எண்ணெய் வெளியே வரும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் இதே கதிதான்.

கிராங்கின் பின்பக்கம் ஒழுகினால் வேலை பெரிது. ஹெரால்டில் கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே கழற்றி எடுக்க வேண்டும். உடனே செலவு செய்ய எல்லோராலும் இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவரை வண்டிக்கடியில் ஒரு தட்டு வைக்கலாமே! அதற்கு என்ன செலவு?

நாம் இருப்பது பெருமாட்டியில். 2000-ல் பிளாச்சிமடையில் தொடங்கிய கோக்கோ கோலா ஆலையால் கிணறுகள் கெட்டன என்று மக்கள் போராடினார்கள். 2003-ல் நம் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தண்ணீருக்காகப் பெரிய நிறுவனத்தையே கேள்வி கேட்ட ஊர், தன் வாசலில் சொட்டும் எண்ணெயைக் கேள்வி கேட்க வேண்டாமா? பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் சொல்கின்றன. மழையில் அது ஓடிச் சேருமிடம் நம் குளமும் கிணறும்தான்.

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நல்லதற்கு மட்டும் சொன்ன பழமொழி அல்ல. பழைய காரை வைத்திருப்பது பெருமைதான். அதை ஒழுகாமல் வைத்திருப்பதே அந்தப் பெருமைக்கு அழகு. வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இந்த மழைக்கு முன்பே ஒருமுறை குனிந்து பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.