கட்டைவிரலும் கோணிச் சாக்கும்

“அந்தக் காலத்துப் படிப்பு மாதிரி வருமா?” என்று மேடைக்கு மேடை கேட்கிறார்கள். குருகுலம், ஒழுக்கம், குரு பக்தி என்று அடுக்குகிறார்கள். சேரியில் இரவுப்பள்ளி நடத்துகிறவன் நான். எனக்கு ஒரே கேள்விதான். அந்தக் குருகுல வாசப்படிக்கு எந்தப் பக்கம் எங்க பிள்ளைங்க நின்னாங்க?

பதில் மகாபாரதத்திலேயே இருக்கு. நிஷாதன் என்பதால் ஏகலைவனைத் துரோணர் சேர்க்கவில்லை. மண்ணில் அவர் உருவத்தைச் செய்து வைத்து அவனே வில்வித்தை கற்றான். சொல்லிக்கொடுக்காத வாத்தியார் வலது கட்டைவிரலைத் தட்சணையாக வாங்கிட்டுப் போனார். 1985இல் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கு இந்திய அரசு ஏற்படுத்திய விருதின் பெயர் துரோணாச்சாரியார். 1997-98இல் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தொடங்கிய உண்டு உறைவிடப் பள்ளிகளின் பெயர் ஏகலைவன். விரலை வாங்கினவர் பேரில் விருது, குடுத்தவன் பேரில் ஹாஸ்டல். யாருக்கும் கூசலை.

வெள்ளைக்காரனுக்கு முன்னால் திண்ணைப் பள்ளியில் எல்லாரும் படித்தார்கள் என்பது அடுத்த வாதம். 1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன பள்ளிக் கணக்கை, 1983இல் தரம்பால் தொகுத்து வெளியிட்டார். சூத்திரப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்தது அதில் இருக்கு, மறுக்கலை. ஆனால் அந்தக் கணக்கின் கட்டங்களைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முஸ்லிம். தீண்டப்படாதார் என்று தனிக் கட்டமே இல்லை. சேரிக்காரன் கால் வைக்க முடியாத தெருவில், திண்ணையில் சேரிப்பிள்ளை எப்படி உட்காரும்?

அப்ப நவீனக் கல்வி? அது கதவைத் திறந்தது, உண்மை. ஆனால் வாசலில் கிடந்த கோடு வகுப்புக்குள் நகர்ந்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் பள்ளிக்குப் போன அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில்தான் உட்கார்ந்தார். பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். சுதந்திரம் வந்த பிறகு, 1953இல், மூணு மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி திட்டம் கொண்டுவந்தார். எதிர்ப்புக்குப் பிறகு 1954இல் அது ஒழிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யும்படி 2024இல் சொன்னது. வெட்டினவங்க குருகுலத்துல படிச்சவங்க இல்ல. செல்போன் காலத்துப் பிள்ளைங்க.

என்ன பாடம் நடத்தினார்கள் என்று ஒப்பிட்டால் அன்றைக்கும் இன்றைக்கும் மலையளவு வித்தியாசம். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒப்பிட்டால் வந்த தூரம் கொஞ்சம்தான்.

மாணவத் தோழர்களே, லீவில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். கழிப்பறையை எந்தப் பிள்ளை கழுவுது, யார் சமைத்தால் யார் சத்துணவு சாப்பிட மறுக்கிறார்கள், கடைசி பெஞ்சில் யார் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். இந்தக் கணக்கை மன்றோ எடுக்கலை. நாமதான் எடுக்கணும்.