ஒரு முழம் பூவும் ஒரு டம்ளர் காபியும்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பஸ்களில் நம் மக்கள் இறங்குகிறார்கள். வாரம் முழுக்க நடவு, வாழைத்தோப்பு, சித்தாள் வேலை, நூறு நாள் வேலை என்று போனவர்கள். அன்று மட்டும் பெட்டியிலிருந்து எடுத்த சேலை, இஸ்திரி போட்ட சட்டை. அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போகிறார்கள். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டிக்கெட் கிடையாது. முன்பு கண்டக்டரிடம் போன காசு இப்போது பூக்காரம்மாவிடம் போகிறது.

சில வாரங்களுக்கு முன் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய காபிக் கடையில் நாம் இருந்தபோது ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும் வந்தார்கள். மகள் பில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தாய் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, மேசை துடைக்கும் பையனைப் பார்த்து, "தம்பி, இங்க உக்காரலாமா?" என்று கேட்டார். அந்தப் பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. "உக்காருங்கம்மா, நாற்காலி எதுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மகளின் முகம்தான் சுருங்கிவிட்டது.

அந்தக் கேள்வி ஸ்ரீரங்கத்தில் முளைத்ததல்ல. அந்தத் தாய் அதைத் தம் ஊர் டீக்கடையிலிருந்து கூடவே கொண்டுவந்திருக்கிறார். அங்கே இத்தனை வருடம் கடைக்கு வெளியே நின்றுதான் குடித்திருப்பார். இல்லையென்றால், அவர் அம்மா அப்படிக் குடித்ததைப் பார்த்திருப்பார்.

நம் மக்கள் கையில் காசு இல்லாமல் சின்னச் சின்ன சந்தோஷங்களை இழந்தார்கள் என்று மட்டும் நினைத்தால் பாதி உண்மையைத்தான் பார்க்கிறோம். கையில் காசு இருந்தபோதும் அவற்றை அனுபவிக்கக் கூடாது என்று எழுதாத சட்டமும் இருந்தது, சில இடங்களில் வெளிப்படையாக அறிவித்த சட்டமும் இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். மாணவர்கள் அதை ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும்.

தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடையோ ரவிக்கையோ அணியக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. இந்தத் தடைகளை நம் மக்கள் பொருட்படுத்தாமல் நடந்தபோது குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்கத்தான் போக வேண்டும் என்பதும், கல்யாணத்தில் மேளம் கூடாது என்பதும் அதில் சேர்ந்தன.

அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். பெரிய சொத்து எதுவும் முதல் பட்டியலில் இல்லை. ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு பித்தளைச் செம்பு, ஒரு முழம் பூ. இவ்வளவுதான். ஒருவர் தம் உழைப்பில் வந்த காசில் தமக்காக ஒரு சின்ன வசதியைச் செய்துகொண்டால், மறுநாள் வேலைக்கு வரும்போது அவர் குனிந்து வரமாட்டார் என்பது தடை விதித்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இது தென் மாவட்டத்தோடு முடிந்த கதையும் இல்லை. ராஜஸ்தானில் சக்வாரா என்ற ஊரில் தீர்த்த யாத்திரை போய்வந்த ஒருவர் தம் மக்களுக்கு விருந்து வைத்தார். பலகாரங்களை நெய்யில் செய்தார். நெய் உங்களுக்கு எதற்கு என்று கேட்டுத் தடியோடு வந்தவர்கள் விருந்தையே நாசமாக்கினார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இதை எடுத்துச் சொல்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் பேசியபோது, சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடை, நகைப் பழக்கங்களை விட்டுவிட்டு மற்றப் பெண்களைப் போலவே சேலை கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டவரும் அவர்தான். அவருடைய கோட்டையும் பேனாக்களையும் இன்றும் சிலர் ஆடம்பரம் என்று கேலி பேசுவதுண்டு. அவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டினால் போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டங்களிலும் இதன் தடம் இருக்கிறது. 1955-ல் கொண்டுவரப்பட்டு, 1976-ல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தின் 4-வது பிரிவு, தீண்டாமையின் பெயரால் எவற்றையெல்லாம் தடுப்பது குற்றம் என்று வரிசையாகச் சொல்கிறது. கடை, உணவகம், அங்குள்ள பாத்திரம், ஆறு, கிணறு, பாதை என்று போகும் அந்த வரிசையில் நகையும் அலங்காரமும் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் இன்னும் வெளிப்படையானது. பட்டியலின, பழங்குடி மக்கள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதையும் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. புதுச் சட்டை போடும் உரிமையை நாடாளுமன்றம் 2015-ல் உட்கார்ந்து சட்டமாக்க வேண்டியிருந்தது என்றால், அதற்குத் தேவை இருந்தது என்றுதான் பொருள்.

தேவை இன்னும் தீரவில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, இனி உங்களுக்குத் தரமாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. கடைக்காரர் கைதானார், கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கையில் காசோடுதான் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நம் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், வேங்கைவயல் குடிநீர்த் தொட்டிக் கொடுமையை விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர், அங்குள்ள டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் நேரிலேயே கண்டார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் வண்டி ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

மிட்டாய், டீ, மோட்டார் சைக்கிள். 1930-க்குப் பிறகு பொருள்கள்தான் மாறியிருக்கின்றன.

இதனால்தான் திருச்சி போன்ற நகரம் நம் மக்களுக்கு வேறு மாதிரி முக்கியமாகிறது. இங்கும் சாதி இல்லாமல் இல்லை. அந்நாளைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாக இருந்தது இந்த ஊர்தான். அந்த ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை இருந்தது. வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் "நீங்க எந்த ஆளுங்க" என்ற கேள்வி இன்றும் சுற்றி வளைத்து வருகிறது. ஆனாலும் காபிக் கடையில் சில்லறையைப் பார்ப்பார்களே தவிர ஆளைப் பார்ப்பதில்லை. பொன்மலைப் பணிமனையில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறைக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஊரில் பண்ணையார் பார்க்கும்போது தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கறியும் காய்கறியும் வாங்கலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது காசுக்கு வருவோம். நூறு நாள் வேலைக்கு 2025-26 ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதுவும் வேலையை அளந்துதான் தருவார்கள், அன்றைக்கே கைக்கு வராது. அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு உணவுக்காக மாதம் 1,500 ரூபாய் என்று 2023-ல் உயர்த்தினார்கள், அதற்கு முன் 1,100. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. இந்த வரவில் வாழ்கிறவர் ஞாயிறு மாலை 20 ரூபாய்க்குக் காபி குடித்தால், "இதெல்லாம் தேவையா?" என்று கேட்க ஆள் இருக்கிறது. வெளியாள் கேட்டால் விட்டுவிடலாம். நம் வீட்டிலேயே கேட்கிறோம். மகன் இஸ்திரிக் கடையில் சட்டை கொடுத்தால் முணுமுணுக்கிறோம், மகள் நெயில் பாலிஷ் வாங்கினால் திட்டுகிறோம். சிக்கனம் நல்லதுதான். ஆனால் நமக்குச் சிக்கனத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் சேமிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுச் சொல்லவில்லை. உனக்கு இது எதற்கு என்பதைத்தான் நாகரிகமாகச் சொன்னார்கள். அந்தக் குரலை நாம் ஏன் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்?

அதே சமயம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். தவணையில் வாங்கும் 30,000 ரூபாய் போனும், குழுக் கடனை எடுத்து நடத்தும் காதுகுத்து விருந்தும் நாம் பேசும் கணக்கில் வராது. வாரம் தவறாமல் வசூலுக்கு வந்து வாசலில் உட்காரும் ஆளுக்கு முன்னால் குரல் தாழ்த்திப் பேசும் பெண்களை நம் தெருக்களில் பார்க்கிறோம். பண்ணையாரிடம் கைகட்டி நின்றதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. வகுப்பில் மற்றவர்கள் வைத்திருக்கிறார்களே என்று விடுதி மாணவர்கள் படும் பாடு நமக்குப் புரிகிறது, அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கையில் இருக்கும் காசில் வாங்கிய காபியை ஆற அமரக் குடிக்கலாம், தவணை போன் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வயிற்றைக் கலக்கும்.

திருச்சியில் காசே இல்லாமலும் நல்ல பொழுது கிடைக்கிறது. வெயில் தாழ்ந்த பிறகு காவிரிப் பாலத்து நடைபாதையில் காற்று வாங்கியபடி மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், பத்து ரூபாய்க்குச் சுண்டல் கிடைக்கும். அம்மா மண்டபம் படித்துறையில் தண்ணீர் வரும் மாதங்களில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். அந்தத் துறையும் அந்தத் தண்ணீரும் எல்லாருக்கும் பொது என்பது மேலே சொன்ன 4-வது பிரிவில் எழுதியிருக்கிறது. மாவட்ட மைய நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கப் படித்தாலும் யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். விடுதியில் ஒரு அறையில் பத்துப் பேரோடு படிக்கும் மாணவருக்கு அதைவிடப் பெரிய வசதி என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

ஆனால், நிம்மதியாக ஒரு டீ குடிக்க இருபது, முப்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வர வேண்டியிருப்பது நியாயமா? ஆகஸ்ட் 15 அன்று பெரிய கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில், நம் பத்திரிகை உட்பட, படம் வருகிறது. நல்ல வழக்கம்தான். நாம் கேட்பது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, படம் எடுக்க யாரும் இல்லாதபோது, ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் தரும் அதே கண்ணாடி டம்ளரில் ஒரு டீ. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து சொல் போகட்டும். நம்மைக் கண்டதும் பேப்பர் கப்பைத் தேடும் கை அங்கேயேதான் இருக்கிறது. இரட்டைக் குவளைக்குப் பதிலாகப் பல கடைகளில் இப்போது இந்த பேப்பர் கப் உத்திதான் ஓடுகிறது. கேட்டால் எல்லாருக்கும்தான் பேப்பர் கப் என்பார்கள், கடைக்குள் பெஞ்சில் இருப்பவர் கையில் கண்ணாடி டம்ளர் இருக்கும்.

வேங்கைவயலில் ஆட்சியர் ஒரே ஒருமுறை நேரில் போனார், உண்மை தெரிந்துவிட்டது. ஒரு பெரிய கொடுமை நடந்து, அதற்காகப் போன இடத்தில் இது கண்ணில் பட்டது. கொடுமை நடக்காத ஊர்களுக்கும் அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் போனால் என்ன? திருச்சி மாவட்ட நிர்வாகமும், காவல்துறையின் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவும் மாதத்துக்குச் சில ஊர்களில் காலை நேரத்தில் டீக்கடைகளையும் சலூன்களையும் போய்ப் பார்க்கலாம். சீருடையும் ஜீப்பும் வேண்டாம், ஊர்க்காரரைப் போலப் போனால் போதும். நம் பக்கத்து மாணவர்களும் இதைச் செய்யலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நண்பர்களோடு கடைக்குப் போய் டம்ளரில் டீ கேளுங்கள். மறுத்தால் சண்டை போட வேண்டாம். தேதி, நேரம், உடன் இருந்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் நகலில் ரசீது வாங்க மறக்க வேண்டாம்.

அன்று ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாய் காபியைக் குடித்து முடிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். முதலில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், பாதிக் காபிக்கு மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வெளியே வந்ததும் பூக்கடையில் மகள் ஒரு முழம் மல்லிகை வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டாள். "உனக்கு?" என்று கேட்டார். "எனக்கு வேணாம்மா." அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தம் காசில் இன்னொரு முழம் வாங்கினார். பிறகு இருவரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.