காப்பிச்சாலையும் கொடுங்கோலும்

மேனாட்டார் கொடுத்தனர், கீழ்நாட்டார் பெற்றனர் என்பதே நாகரிகத்தின் சரித்திரம் என்று பேசும் கனவான்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் அவர்கள் அருந்தும் காப்பி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், அக்கொள்கையின் அஸ்திவாரமே ஆட்டங்கொடுக்கும்.

15-ஆம் நூற்றாண்டில் ஏமன் தேசத்து ஸூபி ஞானிகள் இராத்தியானத்தில் கண்ணயராதிருக்கும்பொருட்டுக் காப்பி அருந்தினர். அங்கிருந்து அது மெக்காவுக்கும் கெய்ரோவுக்கும் பரவியது. 1511-ஆம் வருஷத்திலேயே மெக்காவில் கைர் பேக் என்னும் அதிகாரி அதற்குத் தடை விதித்தான், தடை நிலைக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் கான்ஸ்டாண்டிநோபிளில் காப்பிச்சாலைகள் தோன்றின. புலவரும் வர்த்தகரும் உத்தியோகஸ்தரும் அங்கே கூடிச் சதுரங்கம் ஆடினர், கவி படித்தனர், ராஜாங்க விஷயங்களையும் பேசினர். 1633-இல் ஸுல்தான் நான்காம் முராத் அச்சாலைகளை மூடுவித்தான். நகரில் நேர்ந்த பெருந்தீ அதற்குச் சாக்காயிற்று. ஜனங்கள் கூடிப் பேசியதே மெய்யான குற்றம்.

1652-இல், ஸ்மிர்னாத் துறைமுகத்திலிருந்து ஆங்கில வர்த்தகர் ஒருவரின் ஊழியராய் வந்த பாஸ்குவா ரோஸே என்பவர் லண்டன் மாநகரில் முதல் காப்பிச்சாலையைத் திறந்தார். ஒரு பென்னி கொடுத்தவன் எவனும் பிரபுவின் பக்கத்தில் அமர்ந்து வாதாடலாம் என்றாயிற்று. உலகப் பிரசித்தி பெற்ற லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் முளைத்ததும் ஒரு காப்பிச்சாலையிலேதான். பானம் மாத்திரமா வந்தது? அதனுடன் பயமும் வந்தது. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னன், இச்சாலைகளில் அரசாங்கத்தின்மீது அவதூறு பரவுகிறதென்று கூறி, ஜனவரி 10-ஆந் தேதி முதல் அவற்றை மூடும்படி பிரகடனம் செய்தான். கடைக்காரர் மனுவும் ஜனங்களின் ஆத்திரமும் சேர்ந்தன. குறித்த தேதிக்கு முன்பே உத்தரவு வாபஸாயிற்று.

மதம் வேறு, மொழி வேறு, முடி வேறு, அச்சம் ஒன்றே. எந்தச் சர்க்காரும் பானத்தைக் கண்டு நடுங்கியதில்லை. பிரஜைகளின் வாயைக் கண்டே நடுங்கியது.

மற்றொரு பாடமும் உண்டு. இரவல் பெறுவது இழிவன்று. இஸ்லாமியரிடம் காப்பி பெற்ற ஐரோப்பா அதனால் தாழ்ந்துவிடவில்லை. ஆனால், பெற்றதை அது என்ன செய்தது? ஜாவாவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அயலாரின் மண்ணில், அடிமைகளின் வியர்வையிலும் கட்டாய உழைப்பிலும் காப்பி பயிரிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் மார்ட்டினிக் தீவின் காப்பி, பிரெஞ்சுக் கப்பலேறி, துருக்கியரின் கடைத்தெருவிலேயே மலிவாய் விலைபோயிற்று. கொடுத்தவன் வாங்குபவனானான்.

ஆதலின், எவரிடத்தும் கற்கக் கூசாதிருப்போம். கற்பித்தவனைக் கசக்கிப் பிழியும் வித்தையை மாத்திரம் கல்லாதிருப்போம். கூடிப் பேசும் உரிமையையோ ஒரு நாளும் கைவிடாதிருப்போம். லண்டன் ஜனங்கள் அதைக் காக்கப் பட்டாளம் திரட்டவில்லை. வாயை மூட மறுத்தார்கள், அவ்வளவே.