பிழைக்கும் மீன்களும் நம் பிழையும்

சென்ற மாதம் அத்திபெலேக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் உரையாற்ற அழைத்திருந்தார்கள். ஓசூர்ப் பக்கத்திலிருந்து எல்லை கடந்து வந்து படிக்கும் தமிழ் மாணவர்கள் மிகுதி என்பதால் தமிழிலேயே பேசலாம் என்றும் சொன்னார்கள். கடலிலிருந்து இத்தனை தொலைவில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கும் ஊரில், ஆழ்கடல் மீன்களைப் பற்றிக் கேட்க நூறு பேர் கூடுகிறார்கள் என்பதே பெருமகிழ்ச்சி. அரங்க வாயிலில் கட்டியிருந்த பதாகையைக் காணும்வரை அந்த மகிழ்ச்சி நீடித்தது. ‘கொடிய ஆழத்திலும் உயிர்பிழைக்கும் விசித்திர மீன்கள்’ என்று கொட்டை எழுத்தில் பொறித்து, கீழே மூக்குத் தொங்கிப்போய், உருகி வழிந்த மெழுகைப் போன்ற இளஞ்சிவப்பு உருவம் ஒன்றின் படத்தை அச்சிட்டிருந்தார்கள். இணையத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்த அதே படம். என் பெயர் அதற்கு நேர் கீழே இருந்தது என்பது தனி வருத்தம்.

விருந்தினனாகச் சென்ற இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று அன்று அடக்கிக்கொண்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஆழ்கடல் மீன்கள் அங்கே ‘பிழைத்திருக்கவில்லை’, வாழ்கின்றன. சொல்லைப் பிடித்துக்கொண்டு சில்லறைச் சண்டை போடுகிறான் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்து இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

ஓர் உயிரினத்தின் சூழலை ‘அதீதம்’ என்றோ ‘கொடியது’ என்றோ அழைக்க வேண்டுமானால், ‘இயல்பு’ எது என்று முதலில் வரையறுத்தாக வேண்டும். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். புவியில் உயிர்கள் வாழத்தக்க வெளியைக் கன அளவில் கணக்கிட்டால், அதில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது 200 மீட்டருக்குக் கீழே உள்ள கடல்தான். அதன் பெரும்பகுதியில் வெயில் எட்டுவதில்லை. வெப்பநிலை 4 பாகையைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. பெரும்பான்மைதான் இயல்பு என்றால் இருளும் குளிரும் அழுத்தமுமே இப்புவியின் இயல்பு. வெயிலில் காய்ந்தபடி, காற்றை உள்ளிழுத்து வெளிவிட்டபடி, அத்திபெலே சுங்கச்சாவடி நெரிசலில் நிற்கும் நாம்தான் விதிவிலக்கு.

அந்தப் படத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘பிளாப்ஃபிஷ்’ என்று பெயர் பெற்ற அந்த மீன், 2003ஆம் ஆண்டு நியூசிலாந்துக்கு வடமேற்கே நடந்த ஓர் ஆய்வுப் பயணத்தில் இழுவலையில் சிக்கி மேலே கொண்டுவரப்பட்டது. 2013இல் நடந்த ஒரு வேடிக்கை வாக்கெடுப்பில் உலகின் மிக அவலட்சணமான விலங்கு என்ற பட்டத்தையும் இந்த மீனினமே பெற்றது. கூழ் போன்ற சதையைச் சுற்றியிருக்கும் நீர் தாங்கி நிற்பது அதன் உடலமைப்பு. அந்த ஆழத்தில் அது தலை பருத்த, பார்வைக்குச் சாதாரணமான ஒரு மீன். மேலே இழுத்து வந்து, தாங்கிய நீரை நீக்கி, தட்டில் கிடத்திப் படம் எடுத்தால் அப்படித்தான் தொங்கிப்போகும். விண்வெளியில் கவசமின்றித் தள்ளப்பட்ட மனிதனைப் படம் பிடித்து, ‘இதுதான் மனித முகம்’ என்று இன்னொரு கோளில் பதாகை கட்டினால் ஒப்புக்கொள்வோமா?

அடுத்தது ‘நசுங்காமல் தப்பிக்கும் மீன்கள்’ என்ற வழக்கமான வியப்பு. 2023 ஜூனில் டைட்டானிக் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கி உள்வெடித்து ஐவர் மாண்டனர். அந்தச் சிதைவு கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில். அதே நீரில் மீன்கள் உலவிக்கொண்டுதான் இருக்கின்றன. நீர்மூழ்கி நொறுங்கியது, அது மேற்பரப்பின் காற்றை உள்ளே சுமந்து சென்றதால். அந்த ஆழத்து மீனுக்குள் அப்படியோர் வெற்றிடம் இல்லை. உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். உண்மையான சிக்கல் எலும்பு நொறுங்குவதில் இல்லை. மூலக்கூறுகளின் அளவில் இருக்கிறது. மிகையழுத்தம் நீர் மூலக்கூறுகளைப் புரதங்களுக்குள் நெருக்கித் தள்ளி, அவற்றின் மடிப்பைக் குலைக்கிறது. இதைத் தடுக்க ஆழ்கடல் மீன்கள் தம் உயிரணுக்களில் டிரைமெத்திலமைன் என்-ஆக்சைடு என்னும் சேர்மத்தைச் சேர்த்து வைக்கின்றன.

வாயில் நுழையாத இப்பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. நம் மூக்கிற்கு அது பழக்கமானது. இங்கே நெடுஞ்சாலையோர மீன்கடைகளில் கட்லாவையும் ரோகுவையும் தாண்டி, பனிக்கட்டியில் வந்து இறங்கும் கடல்மீன் பெட்டிகளின் அருகே போனால் ஒரு கவிச்சி அடிக்குமே, மீன் இறந்தபின் நுண்ணுயிரிகள் இந்தச் சேர்மத்தைச் சிதைப்பதால் எழும் வாடைதான் அதில் பெரும்பங்கு. நன்னீர் மீன்களில் இச்சேர்மம் மிகக் குறைவு. கடல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு அது மீனின் தசையில் கூடுகிறது. கூடக் கூட உடலின் உள்நீர்மத்தின் செறிவும் உயரும். அச்செறிவு கடல்நீரின் செறிவைத் தொட்டுவிடும் ஆழம் ஏறத்தாழ 8,200 மீட்டர் என்றும், அதற்கு மிகக் கீழே மீன் வாழ இயலாது என்றும் 2014இல் பால் யான்சி குழுவினர் கணித்தனர். 2022இல் சப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசாவரா அகழியில் 8,336 மீட்டர் ஆழத்தில் ஓர் இளம் நத்தைமீனை ஆலன் ஜேமிசன் குழுவினரின் ஒளிப்படக் கருவி பதிவு செய்தது. இன்றுவரை மீன் காணப்பட்ட மிகுந்த ஆழமாகச் சொல்லப்படுவது அதுவே. அத்திபெலேயிலிருந்து ஓசூருக்கு நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ அவ்வளவு தொலைவு வரும். அதைச் செங்குத்தாகக் கீழ்நோக்கி நிறுத்திப் பாருங்கள். கணிப்பும் காட்சியும் இவ்வளவு நெருங்கிப் பொருந்துவது உயிரியலில் அரிது. இருந்தும் கதை முடிந்துவிடவில்லை. 6,000 மீட்டருக்குக் கீழே இச்சேர்மம் தொடர்ந்து கூடுவதில்லை என்று 2025இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று வாதிடுகிறது. விவாதம் நடக்கட்டும். இங்கே நடப்பது வேதியியல். வீரதீரம் அல்ல என்பதே என் கருத்து.

அந்த ஆழத்து நத்தைமீன்களுள் மரியானா அகழியில் வாழ்வதற்கு 2017இல்தான் முறையாகப் பெயரிட்டார்கள்: சூடோலிபாரிஸ் ஸ்வைரி. ஒரு சாணுக்குச் சற்று மேல் நீளம், செதில் இல்லை, ஊடே பார்க்கக்கூடிய இளஞ்சிவப்புத் தோல். அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், எலும்பு இறுகுவதற்கான ஒரு மரபணு முறிந்துபோயிருப்பதையும், நிறம் காணும் மரபணுக்கள் பல இல்லாமற் போயிருப்பதையும் 2019இல் வெளியிட்டார்கள். நம் வகுப்பறைகளில் இதைக் ‘குறைபாடு’, ‘சிதைவு’ என்ற தலைப்பில் நடத்துகிறோம். இருட்டில் நிறம் காண்பதற்குக் கண் எதற்கு? பரிணாமத்தின் சிக்கனத்தைக் குறைபாடு என்று எழுதிக்கொடுத்து, அதற்கு இரண்டு மதிப்பெண்ணும் போடுகிறோம். அந்த மீனோ கொழுத்த மீன். அகழியின் சரிவு உணவை அடிக்குத் திரட்டித் தருகிறது. ஆம்பிபாடு என்னும் சிறு ஓட்டுடலிகள் அங்கே மொய்க்கின்றன. பெரிய வேட்டை மீன்கள் அவ்வளவு கீழே வருவதில்லை. போட்டியற்ற பந்தியில் தலைவாழை இலை போட்டு அமர்ந்திருக்கும் ஒருவனைப் பார்த்து, ‘ஐயோ, எப்படித்தான் பிழைக்கிறானோ’ என்று நாம் இரங்குகிறோம்.

நம் சொற்கள் ஆழ்கடலை ஏமாற்றுவது இது முதல் முறையும் அன்று. 1840களில் எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கையறிஞர், ஏஜியன் கடலில் தாம் வாரியெடுத்த மாதிரிகளைக் கொண்டு, ஏறத்தாழ 550 மீட்டருக்குக் கீழே உயிரே இராது என்று கருதினார். அவர் மடையர் அல்லர். வாய்த்த கடலும் கருவியும் அப்படி. ஆனால் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்ற முடிவு அறிஞர்களுக்கு எவ்வளவு எளிதாகச் செரித்தது என்பதே கவனிக்கத்தக்கது. அம்முடிவைத் தகர்த்ததில் நம் கடல்களுக்கும் பங்குண்டு. இன்வெஸ்டிகேட்டர் என்னும் இந்தியக் கடலாய்வுக் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவ இயற்கையறிஞராகப் பணியாற்றிய ஆல்காக், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அந்தமான் கடலிலும் எடுத்த ஆழ்கடல் மீன்களைக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் வரிசைப்படுத்தி 1899இல் விளக்கப் பட்டியலாக வெளியிட்டார். காலனிய அரசின் பணியாளர்தாம். அந்த நோக்கங்களைப் போற்ற நான் வரவில்லை. ஆயினும் நம் ஆழ்கடல் மீன்களைப் பற்றி ஆராயும் எவரும் இன்றும் அந்த நூலைத் திறந்தாக வேண்டியிருக்கிறது. இதில் பெருமை ஆல்காக்கிற்கு, வெட்கம் நமக்கு.

இனி ‘கொடிய ஆழம்’ என்ற சொல்லாட்சியால் ஆதாயம் அடைவது யார் என்று பாருங்கள். நடு இந்தியப் பெருங்கடல் படுகையில், 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளை ஆராயும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் 2002இல் ஒப்பந்தம் ஆனது. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு அடங்கிய உருளைக்கிழங்கு போன்ற கட்டிகள் அவை; பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் வளர்பவை. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தன் சுரங்க ஊர்தியை 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது. அதே ஆண்டு ஆழ்கடல் இயக்கத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூவரை 6,000 மீட்டருக்கு இட்டுச்செல்லவிருக்கும் மத்ஸ்யா 6000இன் டைட்டானியக் கோளம் உருவானதும் இந்த இயக்கத்தில்தான். அந்தப் பொறியியலைக் கண்டு நான் வியக்கிறேன், எள்ளவில்லை. அவ்வியக்கத்தில் பல்லுயிர் ஆய்வும் ஓர் அங்கம் என்பதையும் மறைக்கவில்லை.

என் வழக்கு வரிசைமுறையைப் பற்றியது. பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், நாடுகள் சுரங்கத்திற்குக் காத்திருக்கும் அதே வகை முடிச்சுப் படுகையில், ஏறத்தாழ 90 விழுக்காடு உயிரினங்களுக்கு இன்னும் அறிவியற்பெயரே இல்லை என்று 2023இல் ஒரு கணக்கெடுப்பு காட்டியது. அதே பகுதியின் கடலடிக் குன்று ஒன்றில், 3,000 மீட்டருக்குக் கீழே, சிறிதளவு கானாங்கெளுத்தி இரையை வைத்தபோது 115 விலாங்குகள் ஒரே நேரத்தில் மொய்த்தன. அந்தப் படலம் எடுக்கப்பட்ட ஆண்டு 2018. அதற்குச் சற்று முன்வரை ஆழ்கடல் என்றால் ‘பாலைவனம்’ என்றே மேடைதோறும் பேசினோம். பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஆய்வுக்காகக் கலப்பையால் கீறிய கடற்படுகையில், 26 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் உழுத சால் அப்படியே கிடந்தது. நம் படுகையிலும் 1997இல் இவ்வகைக் கலக்கல் ஆய்வைக் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே அறியாமல் செய்துவிட்டோம் என்று பின்னாளில் நாம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

மின்கலங்களுக்கு உலோகம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும். தரையில் சுரங்கம் தோண்டும்போது காடும் ஊரும் அழிவதும் உண்மை. ஆனால் காட்டை அழிக்கும்போது எதை அழிக்கிறோம் என்று வழக்காடவாவது அங்குள்ள மரங்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயரில்லாத உயிருக்காக எந்த நீதிமன்றத்தில் யார் மனுப்போடுவது? ‘அங்கே ஏதோ சில விசித்திரங்கள் எப்படியோ பிழைத்துக் கிடக்கின்றன’ என்று நாமே பதாகை கட்டினால், அழிப்பவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

பெயரிட வேண்டியவர்களின் நிலையோ இன்னும் மோசம். கடல்மீன் வகைப்பாட்டியலில் முனைவர் பட்டம் பெற்ற என் மூத்தவர் ஒருவர், முதுகெலும்பை எண்ணியே மூன்று பேரினங்களைப் பிரித்துச் சொல்லக்கூடியவர், இப்போது ஒரு நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில் தவளையின் செரிமான மண்டலத்தை நடத்துகிறார். வகைப்பாட்டியல் ‘பழைய துறை’யாம்; மேற்கோள் எண்ணிக்கை வராதாம். நேர்காணல் குழுக்களில் அமர்ந்து இப்படிச் சொல்பவர்களுள் இப்பதிவைப் படிப்பவர்களும் உண்டு என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். கோளத்தைச் செய்ய ஆள் இருக்கிறார்கள். அதன் சாளரத்திற்கு வெளியே நீந்திப்போவது எது என்று சொல்ல ஆள் வேண்டாமா? 1960இல் டிரையஸ்டியில் மரியானாவின் அடிக்குச் சென்ற ழாக் பிக்கார், அங்கே ஒரு தட்டைமீனைக் கண்டதாகவே எழுதினார். இன்றைய வல்லுநர்கள் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. கடல்வெள்ளரியாக இருக்கலாம் என்பது பரவலான ஊகம். அருகே ஒரு விலங்கியலாளர் அமர்ந்திருந்தால் அந்தக் குழப்பம் அன்றே தீர்ந்திருக்கும்.

உரை முடிந்தபின் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, ‘அந்த மீனை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தா நமக்கு அங்க போனா ஆகுறமாதிரிதானே அதுக்கும் ஆகும்?’ என்று கேட்டாள். ஒரு மணி நேரம் நான் சுற்றி வளைத்ததை ஒரே வரியில் கேட்டுவிட்டாள். துறைத் தலைவரிடம் அந்தப் பதாகை அடுத்த ஆண்டும் பயன்படுமென்றால் படத்தை மட்டுமாவது மாற்றும்படி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். ஆழத்திலேயே எடுத்த நத்தைமீன் படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.