மழை நிக்கிறப்போ என்ன பண்ணப் போற?

போன மாசம் விடுதி அறையில எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சின்னப் போட்டி வச்சோம். போகிமான் ஷோடவுன். கன்சோல் வேணாம், காசு வேணாம், போன்ல பிரவுசர் திறந்தா போதும். நான் இணையத்துல கிடைச்ச ஒரு மழை டீமை அப்பிடியே கொப்பி பண்ணி ஒட்டிக்கிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதல் சுற்றுலயே வெளிய. பத்து நிமிசம்கூட ஆகல.

நடந்தது இதுதான். நான் முதல்ல இறக்குனது பெலிப்பர். டிரிசில் என்கிற அதோட இயல்புத் திறனால, களத்துக்கு வந்த உடனே மழை தொடங்கும். எதிர்ல இருந்த மச்சான் இறக்குனது டோர்கோல், முதுகுல கரி எரியிற ஆமை. அது வந்தா வெயில். திரையில மழை பெய்ஞ்சுச்சு, அடுத்த நொடி வெயில் அடிச்சுச்சு. நான் அதை மென்பொருள் கோளாறுன்னு நினைச்சேன். அவன் சிரிச்சான்.

கோளாறு எதுவும் இல்ல, விதியே அதுதான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல களத்துக்கு வந்தா, வேகமானவரோட திறன் முதல்ல வேலை செய்யும், மெதுவானவரோடது பிறகு. கடைசியா வந்த வானிலைதான் நிக்கும். பெலிப்பரோட அடிப்படை வேகம் 65, டோர்கோலோடது 20. ஆமை எப்பவும் பிந்தித்தான் வரும், அதனாலயே அது ஜெயிக்கும். எதிராளியோட ஆறு பேரையும் ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே திரையில காட்டுறாங்க. அதுல ஆமையைப் பார்த்துட்டும் பெலிப்பரை முதல்ல இறக்குனது என்னோட முட்டாள்தனம். பின்னால வச்சிருந்து, ஆமை களத்தை விட்டுப் போன பிறகு கொண்டுவந்திருக்கணும்.

இந்தத் தோல்விக்கு அப்புறம் கேட்ட வசனம்தான் என்னை எழுத வச்சது: “மழை டீம்னா மூளையே தேவையில்லடா, அதுலயும் தோத்துட்டியா?” இது பரவலான கருத்து. பெலிப்பரை இறக்கு, நீந்துற நாலு மிருகத்தைச் சேர், தண்ணி அடி, முடிஞ்சுது. நான் இதை மறுக்கிறேன். மழை டீம் கட்டுறதுல நீந்துறவங்களைத் தேர்றது சின்ன வேலை. மழை நிக்கிற நேரத்துக்கு டீம்ல யார் இருக்காங்கங்கிறதுதான் பெரிய வேலை.

மழைக்கு ஏன் இவ்வளவு மவுசுன்னு முதல்ல சொல்லிடுறேன். மழையில தண்ணித் தாக்குதலோட பலம் ஒன்றரை மடங்கு, நெருப்போடது பாதி. அடிக்கிறதே தண்ணி வகை போகிமானா இருந்தா அதுக்கு வழக்கமா கிடைக்கிற இன்னொரு ஒன்றரை மடங்கையும் பெருக்குங்க, 2.25. தண்ணியைத் தாங்கக்கூடிய எதிரிக்குப் பாதிதான் படும்னாலும் 1.125 வருது. அதாவது தடுக்க வந்தவனுக்கே ஒரு முழு அடி விழுது. அதோட ஸ்விஃப்ட் ஸ்விம் இருக்கிறவங்களுக்கு மழையில வேகம் இரட்டிக்கும். பராஸ்க்யூடாவுக்கு அடிப்படை வேகம் 136. ஐம்பதாம் லெவல்ல வேகத்தை உச்சத்துக்கு ஏத்தினா 206, மழையில 412. அதைத் துரத்திப் பிடிக்க ஆள் கிடையாது. சாதாரணமா பத்துல ஏழு தடவைதான் படுற தண்டர், ஹரிகேன் ரெண்டும் மழையில தப்பவே தப்பாது.

இப்படி வாசிச்சா யாருக்கும் ஆசை வரும். 2010ல பிளாக், வைட் வந்தப்போ பொலிடோடுக்கு டிரிசில் கிடைச்சுது. அதுக்கு முன்னாடி அது கயோகர் மாதிரி தெய்வப் பிறவிக்கு மட்டும்தான். அப்ப அந்த மழைக்கு முடிவே கிடையாது. வேறொரு வானிலை வந்து மாத்துற வரைக்கும் பெய்ஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால 2011ல ஸ்மோகன் சமூகம், டிரிசிலும் ஸ்விஃப்ட் ஸ்விமும் ஒரே டீம்ல இருக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அந்த நேரத்துக்கு அது தேவையா இருந்திருக்கலாம். ஆனா ரெண்டு தனித்தனி விஷயத்தைச் சேர்த்து வைக்காதேன்னு தடுக்கிறது எனக்கு என்னவோ ஒட்டுப் போட்ட வேலையாத்தான் தெரியுது. 2013ல எக்ஸ், வை வந்தப்போ விளையாட்டை உருவாக்குறவங்களே செய்தது அதைவிட நல்ல தீர்வு. திறனால வர்ற மழை ஐந்து முறைக்கு மேல நிக்காது, டேம்ப் ராக் கையில இருந்தா எட்டு. மழைக்கு ஒரு கடிகாரம் மாட்டிட்டாங்க.

அந்தக் கடிகாரத்தை எண்ணத் தெரியாம மழை டீம் விளையாடுறவங்கதான் அதிகம். நானும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன். ஆட்டத்துக்கு நடுவுல பெலிப்பரை உள்ள கொண்டுவர்றீங்க, அந்த முறையே கணக்குல ஒண்ணு போயிடும். அடுத்த முறை யூ-டர்ன் போட்டு வெளிய வர்றீங்க, இன்னொண்ணு. எட்டுல மிச்சம் ஆறு. டேம்ப் ராக் இல்லன்னா மூணு. மூணே முறை! எதிராளி ரெண்டு தடவை ஆளை மாத்தி, ஒரு தடவை புரொடெக்ட் போட்டா மழை போயே போச்சு.

அப்ப டேம்ப் ராக்கைக் கொடுத்துட வேண்டியதுதானே? இங்கதான் எனக்குப் பிடிச்ச சிக்கல் வருது. எதிராளி ஸ்டெல்த் ராக் பரப்பி வச்சிருந்தா, பறக்கிற வகைங்கிறதால பெலிப்பர் உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் கால்வாசி உயிர் போகும். நாலு தடவை வந்தா ஆளே இல்ல. அதைத் தவிர்க்க ஹெவி டியூட்டி பூட்ஸ் போடலாம். ஆனா கையில ஒரு பொருள்தான் வச்சுக்க முடியும். நீளமான மழையா, அடிக்கடி வர்ற மழையா? எந்த மாதிரி டீமும் இதுக்கு உங்களுக்காகப் பதில் சொல்லாது, ஏன்னா பதில் மத்த அஞ்சு பேரையும் பொறுத்தது. கல்லைத் துடைக்க ஒரு ஆள் டீம்ல இருந்தா டேம்ப் ராக். இல்லன்னா பூட்ஸ் போட்டு, சின்னச் சின்ன மழையா நாலஞ்சு தடவை பெய்ய வைக்கலாம். நான் இப்ப முதலாவது கட்சி. மாறலாம்.

இன்னொண்ணு, மழை ரெண்டு பக்கமும் பெய்யும். எதிராளியோட தண்ணி அடிக்கும் அதே ஒன்றரை மடங்குதான். டிரை ஸ்கின் வச்ச டாக்ஸிக்ரோக் உங்க மழையில நனைஞ்சு ஒவ்வொரு முறையும் எட்டுல ஒரு பங்கு உயிரை மீட்டுக்கும், தண்ணி அடிச்சாலும் குடிச்சுக்கும். நீந்துறவங்களா நாலு பேரை அடுக்கிட்டு இதுக்கு எதிர்ல நின்னா, நீங்க போய் அவனுக்குப் பணிவிடை செய்யிற மாதிரி.

திம்புள்ளயில வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல. மே மாசத்துல தென்மேல் பருவமழை பிடிச்சா கொழுந்து குவியும். ஆனா எங்க பக்கத்துத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் அடிக்கிற காய்ஞ்ச குளிர் காத்து. எங்களுக்கு மழை கொட்டுற ஜூலை, ஆகஸ்ட்லதான் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவுக்குக் காய்ஞ்ச காத்தும் நல்ல தேயிலையும். ஒரே மழைக்கு ரெண்டு பக்கம். (பனிமூட்டத்தையும் விட மாட்டேன்: டயமண்ட், பேர்ல் விளையாட்டுகள்ல மூடுபனியும் ஒரு வானிலைதான். எல்லாரோட குறியும் அஞ்சுல மூணு பங்காக் குறைஞ்சிடும். அதை யாருக்குமே பிடிக்கல. எங்க ஊர்ல அதுக்குள்ளதான் பள்ளிக்கூடம் போனோம்.)

அதனால நான் தேடுறது நீந்தத் தெரியாம மழையைப் பயன்படுத்துறவங்களை. ஆர்கலூடனைப் பாருங்க. இரும்பும் டிராகனும், தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எலெக்ட்ரோ ஷாட் வழக்கமா ஒரு முறை காத்திருந்து அடிக்கிற தாக்குதல், மழையில உடனே பாயும், தன்னோட பலத்தையும் ஏத்திக்கும். மழை நின்னாலும் ஏத்துன பலம் ஏத்துனதுதான், களத்துல நிக்கிற வரைக்கும். 2016ல சான் ஃபிரான்சிஸ்கோவுல உலகப் பட்டம் எடுத்த வோல்ஃப் கிளிக்கோட டீம்ல கயோகரும் இருந்துச்சு, ரேகுவாசாவும் இருந்துச்சு. ஒண்ணு அடைமழை கொண்டுவரும், மத்தது அந்த மழையையே இல்லாம ஆக்கும். ரெண்டையும் ஒரே டீம்ல வச்ச ஆள் மழையைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்னு யோசிச்சா, மூளை தேவையில்லங்கிற பேச்சு எவ்வளவு மேலோட்டம்னு விளங்கும்.

கொப்பி பண்றதே தப்புன்னு சொல்ல வரல. எல்லாரும் அங்கதான் தொடங்குறோம். உயர்தரத்துக்கு மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கிட்டுப் போனவங்கதானே நாம, கேள்வி கொஞ்சம் திரும்பினா முழிச்சதும் நாமதான். எனக்கு இதுல உண்மையான கோபம் வேற ஒண்ணு மேல. இந்தக் கணக்கெல்லாம் இங்கிலீஷ்ல கொட்டிக் கிடக்கு. தோட்டத்துல தமிழ் மீடியத்துல படிக்கிற என் தம்பிக்கு டீமைக் கொப்பி பண்ண முடியும், அது ஏன் அப்பிடி இருக்குன்னு பக்கத்துலயே எழுதியிருக்கிறதை வாசிக்க முடியாது. ஆக, அவனுக்குக் கொப்பி மட்டும்தான் மிச்சம். பெருக்கல் கணக்கும் வரிசையும் அவனுக்கு என்னைவிட நல்லா வரும். ஒரு நாள் ராத்திரி போன்ல அரை மணி நேரம் டேம்ப் ராக் கதையை நம்ம பாஷையில சொன்னேன். மறுநாள் அவனே எண்ணிட்டு, “அண்ணே, ஆட்டம் தொடங்குறப்பவே பெலிப்பரை இறக்குனா உள்ள வர்றதுக்கு ஒரு முறை வீணாகாதே, ஏழு மிஞ்சுமே”ன்னான். சரிதான். நான் கவனிக்கல.

இப்ப எங்க டீம் பெலிப்பர், பராஸ்க்யூடா, ஆர்கலூடன், கல்லைத் துடைக்க ஒருத்தர், பெலிப்பருக்கு நாலு மடங்கு வலிக்கிற மின்சாரத்தை வாங்கிக்க மண் வகையில ஒருத்தர். ஆறாவது இடம் காலி. தம்பி டோர்கோலை அடிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் வேணுங்கிறான். நான் லுடிகோலோ கேட்கிறேன். மழை நின்னா 70 வேகத்துல அது என்ன பண்ணும்னு அவன் கேட்டான், என்கிட்ட இன்னும் பதில் இல்ல.