ஜூக்பாக்ஸின் வயிற்றைக் கிழிக்கும் புண்ணியவான்கள்

அமெரிக்காவில் பழைய ஜூக்பாக்ஸ் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. வீடு முழுக்கப் பாட வைக்கிறேன் பேர்வழி என்று, உள்ளே இருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு எடுக்கும் மெக்கானிசம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு டேப்லட்டை ஒட்டிவைப்பது ஒரு கட்சி. புதிதாக ஒரு ஒயர்கூட உள்ளே போகக்கூடாது என்று மடி ஆசாரம் பார்ப்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி செய்வது அக்கிரமம். இரண்டாவது கட்சி செய்வது வெறும் தமாஷ்.

தமாஷை முதலில் முடித்துவிடலாம். ஜூக்பாக்ஸ் என்றைக்குத் தனியாக மூலையில் நின்று பாடியது? 1889-ல் சான் ஃபிரான்சிஸ்கோ மதுக்கடை ஒன்றில் லூயி கிளாஸ் வைத்த காசு போடும் ஃபோனோகிராஃபிலேயே நாலு பேர் கேட்க நாலு குழாய் இருந்தது. பிறகு சீபர்க் கம்பெனி சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை 'வால்பாக்ஸ்' மாட்டியது. காசு போட்டுப் பட்டனை அழுத்தினால் மின்துடிப்புகள் ஒயர் வழியாக ஓடும், அந்தக் கோடியில் நிற்கும் பெட்டி பாட்டைத் தேடி எடுக்கும். சுவரில் தனி ஸ்பீக்கர்கள் வேறு. அவற்றுக்கென்றே பல மாடல்களின் ஆம்ப்ளிஃபயரில் 70 வோல்ட் லைன் வைத்தார்கள். கட்டடம் முழுக்கப் பாட்டு என்பது சோனோஸ்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஒயரைத் தீட்டு என்பவர்கள் பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது :)

இப்போது அக்கிரமத்துக்கு வருவோம். 1948-ல் வந்த சீபர்க் எம்100ஏ, 50 ரெக்கார்டுகளை நிற்க வைத்து, தண்டவாளத்தில் ஓடும் வண்டி மாதிரி ஒரு கருவியால் இரண்டு பக்கமும் வாசித்து, 100 பாட்டு தந்தது. 1950-ல் எம்100பி அதையே 45 ஆர்பிஎம் தட்டுக்கு மாற்றியது. இந்த மெக்கானிசம்தான் ஜூக்பாக்ஸ். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விளக்கு எரியும் அலமாரி. சரித்திரமும் சேர்ந்துதான் போகிறது. வெள்ளையர் ரேடியோ நிலையங்கள் பல கறுப்பர்களின் இசையைச் சீந்தாத காலத்தில், தென் மாநிலங்களில் ப்ளூஸ் தட்டுகள் சுழன்றது இந்தப் பெட்டிகளில்தான். பிடுங்கி எறிந்த பாகத்தை இனி எந்தத் தொழிற்சாலையும் செய்து தரப்போவதில்லை.

இத்தனைக்கும் சரியாகச் செய்வது கஷ்டமே இல்லை. ஸ்பீக்கர் முனையிலிருந்து ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு கன்வெர்ட்டர் வழியாக சிக்னலைக் குறைத்து, வீட்டு சிஸ்டத்தின் லைன்-இன்னில் கொடுத்தால் போதும். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஹம் சத்தமும் குறையும். 70 வோல்ட் லைனை நேராக லைன்-இன்னில் சொருகினால் புகைதான் வரும். மோனோ பெட்டியென்றால் ஒரே சிக்னலை இடது, வலது இரண்டுக்கும் கொடுக்க வேண்டியதுதான். பிடிக்கவில்லையா? நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் பெட்டி பழையபடி ஆகிவிடும்.

வால்பாக்ஸை மட்டும் வாங்கி, அதன் துடிப்புகளை ஒரு ராஸ்ப்பெரி பை கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்து, அதன்மூலம் சோனோஸைப் பாட வைத்த பொழுதுபோக்கு எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். ஒரு பாகத்தையும் அறுக்காமல்! டேப்லட் ஒட்டும் கோஷ்டி அவர்கள் காலில் விழலாம். ப்ளூடூத்தான் வேண்டுமென்றால் பழைய தோற்றத்தில் புதுப் பெட்டிகளே கடையில் விற்கின்றன, அதை வாங்கித் தொலைக்கட்டுமே.

உண்மையான தொந்தரவு ஒன்று உண்டு, அதை இரண்டு கட்சியும் பேசுவதில்லை. டிஜிட்டல் சிஸ்டம் சத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துத்தான் வெளியே விடும். சோனோஸில் குறைந்தது 70 மில்லி நொடியாவது ஆகும். ஒரே அறையில் ஜூக்பாக்ஸும் வீட்டு ஸ்பீக்கரும் சேர்ந்து பாடினால் கிணற்றுக்குள் கத்தியது போல எதிரொலிக்கும். ஜூக்பாக்ஸ் நிற்கும் அறையில் மட்டும் மற்ற ஸ்பீக்கர்களை அணைத்துவிட வேண்டும். அங்கே அது தன் சொந்தக் குரலில் பாடட்டும்.